காற்றுக்கும் சிறகுக்கும் ஒரே வழி

காற்றாலையும் வேண்டும், பறவையும் வேண்டும். எங்கே நடுகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடினால் இரண்டையும் காக்கலாம்.

2025 செப்டம்பர் கடைசி வாரம். காற்றாலைக் கோபுரங்களின் பாகங்களை ஏற்றிய நீளமான வண்டிகள் போலீஸ் காவலோடு மன்னார் தீவுக்குள் நுழைந்தன. ஊர் மக்கள் வழிமறித்தார்கள், தள்ளுமுள்ளு ஆனது. மீனவர், வணிகர், பங்குத்தந்தையர், பெண்கள் என்று பல தரப்பினரும் ஆகஸ்ட் மாதத்திலிருந்தே போராட்டத்தில் இருந்தார்கள். இடையில் ஒரு மாதம் பணிகளை நிறுத்திவைத்த இலங்கை அரசு, மீண்டும் வேலையைத் தொடர முடிவெடுத்தது. மோதலுக்குப் பிறகு கடையடைப்பு நடந்தது. அனல்மின் நிலையத்தையோ அணு உலையையோ எதிர்த்துத் தெருவுக்கு வந்த மக்களைத் தமிழ் நிலம் நிறையப் பார்த்திருக்கிறது. இங்கே மக்கள் மறித்தது புகையே இல்லாத மின்சாரத்தை.

இந்தப் போராட்டத்தை வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகெங்கும் காற்றாலைகள் பெருகும் காலத்தில் கலிபோர்னியாவிலும் ஸ்பெயினிலும் ராஜஸ்தானிலும் எழுந்த அதே கேள்விதான் மன்னாரிலும் எழுந்திருக்கிறது. நிலக்கரியைக் கைவிட்டே ஆக வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். ஆனால் அந்தக் காற்றை நம்பிப் பல லட்சம் ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் உயிர்களை என்ன செய்யப் போகிறோம்? இந்தியாவில் காற்றாலை மின்சாரத்தின் முன்னோடி தமிழ்நாடு. மன்னாருக்கு எதிர்க்கரையும் தமிழ்நாடுதான். ஆகவே இது நம் கேள்வியும்கூட.

ஒரே காற்று, ஒரே இடம்

காற்றாலையும் பறவையும் மோதிக்கொள்வதற்கு அடிப்படையான காரணம், இரண்டும் ஒரே இடத்தைத் தேடுவதுதான். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கி எழும். முகட்டைத் தாண்டும்போது வேகம் கூடும். பொறியாளர் முகட்டில் கோபுரம் நடுவது அந்த வேகத்துக்காக. கழுகும் பிணந்தின்னும் பாறும் அதே முகட்டுக்கு வருவது, எழும்பும் காற்றில் சிறகடிக்காமல் மிதப்பதற்காக. கணவாய்கள் காற்றைக் குவித்துத் தருகின்றன. வலசைப் பறவைகளுக்கும் மலையைக் கடக்க அவைதான் வாசல். கடலுக்குள் நீளும் நிலமுனையில் காற்றுக்குத் தடை கிடையாது. கடல் தாண்டி வரும் பறவைக்கு முதலில் கால்பதிக்கக் கிடைக்கும் தரையும் அதுதான்.

சுழலும் இறகை இவ்வளவு கூர்மையான கண் படைத்த பறவை ஏன் பார்ப்பதில்லை? தூரத்திலிருந்து பார்த்தால் காற்றாலை நிதானமாகத்தான் சுற்றுகிறது. ஆனால் பெரிய காற்றாலையின் இறகு நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. நெருங்க நெருங்க அந்த நுனி பறவையின் கண்ணில் மங்கி, வெறும் வானமாகிவிடுகிறது. பாறு போன்ற பறவைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரை தேடும்போது அவை தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு பறக்கின்றன. அந்த நிலையில் நேர் எதிரே இருப்பது அவற்றின் பார்வைக்குள் வருவதே இல்லை. வானத்தில் எதிரே ஒரு தடை நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டிய தேவை அந்த இனத்துக்கு இதுவரை இருந்ததில்லை.

கட்டடக் கண்ணாடியில் மோதியும் பூனையிடம் சிக்கியும் சாகும் பறவைகளே அதிகம் என்று காற்றாலைத் துறையினர் சொல்வார்கள். மொத்தக் கணக்கில் அது உண்மை. ஆனால் பூனையிடம் சிக்குவது பெரும்பாலும் சிறு பறவைகள். அவற்றில் பல ஆண்டுதோறும் பல முட்டைகள் இட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். கழுகு இனப்பெருக்கம் செய்யும் வயதுக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும். வந்தபின் இடுவதும் ஓரிரு முட்டைகள். புல்வெளிப் பறவையான கானமயில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடுகிறது. இப்படிப்பட்ட இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று சாவது பெரிய இழப்பு. எத்தனை பறவை செத்தது என்பதோடு எந்தப் பறவை செத்தது என்றும் கேட்டாக வேண்டும்.

மன்னார்: ஆர்க்டிக்கிலிருந்து வரும் விருந்தாளிகள்

மன்னார் தீவு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளம். தட்டையான மணல் நிலம், பனங்காடு, உப்புநீர்த் தரவைகள். மேற்கே தலைமன்னாரில் தொடங்கும் மணல்திட்டுகளின் வரிசை ராமர் பாலமாகத் தனுஷ்கோடிவரை நீள்கிறது. கிழக்கே பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இரு பக்கமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மாரிக்காலத்தில் அந்தச் சாலையில் போகிறவர்களுக்குப் பறவைகளைப் பார்க்கத் தொலைநோக்கி தேவைப்படாது. முழங்கால் ஆழ நீரில் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றை அலசிக்கொண்டு பூநாரைகள் நிற்கும். ஊசிவால் வாத்துகள் கூட்டங்கூட்டமாக மிதக்கும். கருவால் மூக்கன், நண்டு தின்னும் உள்ளான், ஆலா, கடற்காகம் என்று கரை நிறைந்திருக்கும். தாம்போதிக்கு அருகிலுள்ள வங்காலை 2008-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் தலமானது.

மத்திய ஆசியாவிலிருந்தும் ஆர்க்டிக் பகுதியிலிருந்தும் தெற்கே இறங்கும் பறவைகளின் பெருவழிக்கு மத்திய ஆசிய வலசைப்பாதை என்று பெயர். இந்தியாவின் தென்கோடிவரை வரும் அந்தப் பாதை இலங்கைக்குள் நுழையும் முக்கிய வாசல் மன்னார். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் சில பறவைகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தித் தடம் பார்த்தது. இங்கே மாரிக்காலத்தைக் கழித்த ஹியூக்ளின் கடற்காகம் இந்தியா, மத்திய ஆசியா வழியாக ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு மறுபடியும் மன்னாருக்கே திரும்பி வந்தது. மன்னாரில் ஒரு கோபுரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது சைபீரியச் சதுப்பில் எத்தனை கூடுகள் நிரம்பும் என்பதையும் தொட்டுவிடும்.

இந்தத் தீவின் தென்கரையில்தான் இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். பறவைக் கூட்டம் நெருங்குவதைக் கண்டறிய ரேடார் ஏற்பாடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இலங்கையின் முதல் பெரிய அரசுக் காற்றாலைப் பூங்கா என்ற வகையில் அது நல்ல முயற்சி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியையும் மற்ற நிலையங்களுக்கு எண்ணெயையும் டாலர் கொடுத்து வாங்கும் நாட்டுக்குக் காற்று மின்சாரத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவாட் அளவுக்கு 52 காற்றாலைகள் நட முன்வந்தது. அவ்வளவு சிறிய தீவில் அவ்வளவு பெரிய கோபுரங்கள் எழுந்தால், காலையில் இரைக்கும் மாலையில் ஓய்வுக்கும் தீவைக் குறுக்கே கடக்கும் பறவைகளுக்கு வழி எங்கே இருக்கும் என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள். வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், சுற்றுச்சூழல் நீதிக்கான மையம் ஆகிய அமைப்புகளும் உயிரியலாளர் ரோஹன் பெத்தியகொடவும் மன்னார் ஆயரும் கொழும்பில் நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை பற்றியும் சர்ச்சை எழுந்தது. ஆட்சி மாறி, புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்க, 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது.

ஆனால் தீவின் மீதான பார்வை விலகவில்லை. வேறு நிறுவனங்களின் சிறிய திட்டங்கள் வந்தன. போராட்டம் தெருவுக்கு வந்தது. பறவைக்காகப் பேசிய அறிவியலாளரும் வாழ்க்கைக்காகப் பேசிய ஊர்க்காரரும் அங்கே ஒரே பக்கத்தில் நின்றார்கள். கோபுர அடித்தளங்களும் அவற்றுக்குப் போட்ட சாலைகளும் மழைநீர் வடியும் வழியை அடைத்துவிட்டன, மாரியில் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது என்கிறார்கள் மக்கள். கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். இல்மனைட் மணல் அகழ்வு பற்றிய அச்சமும் இதோடு சேர்ந்துகொண்டது. தாழ்ந்த மணல் தீவில் நீரோட்டத்தை மாற்றினால் அது மனிதரையும் பாதிக்கும், பறவை இறங்கும் தரவையையும் பாதிக்கும். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த மக்களிடம் முன்கூட்டியே பேசாமல், முடிவை மட்டும் கொண்டுவந்து வைத்தால் அவர்கள் சந்தேகப்படாமல் வேறென்ன செய்வார்கள்?

கலிபோர்னியா செய்த தவறு, ஸ்பெயின் கண்ட வழி

இடத்தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய். 1980-களில் அந்தப் புல்மலைகளில் ஆயிரக்கணக்கான சிறு காற்றாலைகள் நெருக்கமாக நடப்பட்டன. அந்தப் புல்வெளியில் தரை அணில்கள் ஏராளம். அவற்றைத் தேடிவரும் பொன்னிறக் கழுகுகளும் ஏராளம். ஆண்டுக்குப் பல பத்துக் கழுகுகள் இறகில் அடிபட்டுச் செத்தன. வழக்குகள், ஒப்பந்தங்கள் என்று இழுபறி நடந்து, கடைசியில் பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டு, அவற்றைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையில் பெரிய காற்றாலைகளை, கழுகுகள் பறக்கும் தடத்தைப் பார்த்து நடும் முறைக்கு மாறினார்கள். அப்படியும் கழுகுகள் சாவது முற்றிலும் நிற்கவில்லை. இடம் தவறினால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் பாதிதான் சரியாகும்.

ஸ்பெயினின் தரீஃபா வேறொரு பாடம் சொல்கிறது. ஐரோப்பாவின் அந்தத் தென்கோடியிலிருந்து ஆப்பிரிக்கா 14 கிலோமீட்டர்தான். லட்சக்கணக்கான பறவைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்க அங்கே கூடுகின்றன. காற்றும் அங்கேதான் பலமாக வீசுகிறது. காற்றாலைகள் ஏற்கெனவே வந்துவிட்டன, பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் சாவுகளைக் கணக்கெடுத்தபோது, எல்லாக் காற்றாலையும் ஒரே அளவில் கொல்லவில்லை என்பது தெரிந்தது. சில குறிப்பிட்ட கோபுரங்களில், சில குறிப்பிட்ட மாதங்களில்தான் சாவு குவிந்திருந்தது. பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் குன்றுகளில் தொலைநோக்கியோடு நின்றார்கள். ஆபத்தான திசையில் பாறு வருவதைப் பார்த்தவுடன் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்வார்கள். அந்த ஒரு காற்றாலை சில நிமிடங்களில் நிற்கும். பறவை கடந்ததும் மறுபடி சுற்றும். 2012-ல் வெளியான ஆய்வின்படி, இந்த ஏற்பாட்டால் பாறுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. இழந்த மின்சாரம் ஆண்டு உற்பத்தியில் வெறும் 0.07 சதவீதம்.

இந்தக் கட்டுரையின் மையம் அந்த எண்ணில் இருக்கிறது. பறவைக்கு ஆபத்து எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் பரவிக்கிடக்கவில்லை. சில இடங்கள், சில கோபுரங்கள், சில வாரங்கள், சில மணி நேரங்கள். அவற்றைக் கண்டுபிடித்து விலகிக்கொண்டால் போதும். கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். எண்ணாதவரை காற்றாலைக்காரர் ஆபத்தே இல்லை என்பார். எதிர்ப்பவர் எல்லாமே ஆபத்து என்பார்.

கண்காணிக்கும் கருவிகளும் வளர்ந்துவிட்டன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கேமராக்களே கழுகை அடையாளம் கண்டு காற்றாலையை நிறுத்துகின்றன. நார்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கடற்கழுகுகள் அடிபட்டபோது, நான்கு காற்றாலைகளில் மூன்று இறகுகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். சுழலும் இறகு கண்ணுக்கு மங்கிப்போவதை அந்தக் கறுப்பு குறைத்தது. அவற்றில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நான்கே காற்றாலைகளில் செய்த சோதனை என்பதால் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று இப்போதே முடிவுகட்ட முடியாது. ஆனால் நம் ஊரிலும் செய்து பார்க்கத் தடை ஏதும் இல்லை.

வௌவால்களின் கதையும் நேரத்தைப் பற்றியதுதான். அவை பெரும்பாலும் காற்று மெல்ல வீசும் இரவுகளில் பறக்கின்றன. அந்த வேகத்தில் காற்றாலையும் பெரிதாக மின்சாரம் தருவதில்லை. ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் மட்டும், காற்று கொஞ்சம் கூடிய பிறகே இறகைச் சுழலவிடுவது என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். வௌவால் சாவு பாதியளவுக்கும் அதற்கு மேலும் குறைந்தது. மின் இழப்பு ஆண்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தையும் தொடவில்லை. வயலில் பூச்சியைத் தின்று உழவருக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் உயிர் வௌவால். அதைக் காக்க ஒரு சதவீதம்கூடத் தேவைப்படவில்லை.

சால்கேவாடியின் ஓணான்

அடிபட்டுச் செத்த பறவையை எண்ணிவிடலாம். வராமலே போன பறவையை எப்படி எண்ணுவது? அந்தக் கேள்விக்கு உலகம் மதிக்கும் பதில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிடைத்தது.

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் கொய்னா சரணாலயத்தை ஒட்டியிருக்கிறது சால்கேவாடி பீடபூமி. செம்பாறைப் பரப்பு, குட்டைப் புல், இடையிடையே உருண்டைக் கற்கள். கோடையில் ஒவ்வொரு கல்லின் மேலும் ஓர் ஆண் ஓணான் ஏறி நின்று தொண்டையை விசிறிபோல விரிக்கும். நீலமும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த அந்த விசிறி, பெண் ஓணானை அழைக்கவும் எதிரியை விரட்டவும். அந்த நிறம் மேலிருந்து பார்க்கும் வல்லூறுக்கும் தெரியும் என்பதால், வண்ணம் காட்டுவதே உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தேக்கரும் அவருடைய குழுவினரும் இந்தப் பீடபூமியில், பல ஆண்டுகளாகக் காற்றாலை நிற்கும் பகுதியையும் காற்றாலை இல்லாத பகுதியையும் ஒப்பிட்டார்கள். 2018-ல் முடிவுகள் வெளியாயின. காற்றாலைப் பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவை குறைந்ததால் ஓணான்கள் பெருகியிருந்தன. பெருகிய ஓணான்களுக்கு இரைப் போட்டி, உடல் மெலிந்திருந்தது. ஆண்களின் விசிறியில் நிறம் மங்கியிருந்தது. அவற்றின் இரத்தத்தில் அச்சத்தின் சுரப்பி நீர் குறைவாக இருந்தது; மனிதன் வெகு அருகில் வரும்வரை அவை ஓடவில்லை. ஒரு மலையில் காற்றாலை நட்டதன் விளைவு, அந்த மலையின் ஓணானுடைய தொண்டை நிறம்வரை இறங்கியிருந்தது.

செத்த பறவை ஒன்றும் கண்ணில் படவில்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று எழுதப்படும் அறிக்கைகளை இந்த ஆய்வுக்குப் பிறகு ஏற்க முடியாது. வெற்றிடம் என்றும் தரிசு என்றும் வருவாய்த் துறைக் கணக்கில் பதிவாகியிருக்கும் பாறைப் பரப்புகளும் புல்வெளிகளும் உயிர் நிறைந்த நிலங்கள். காற்றாலைக்கு முதலில் பலியாவது அவைதான். காட்டுக்குச் சட்டம் இருக்கிறது, புல்வெளிக்கு அந்த அளவுக்கு இல்லை.

கம்பியில் தொங்கும் கானமயில்

கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கம்பியை மறந்துவிடுவோம். காற்றாலையில் பிறந்த மின்சாரம் ஊருக்கு வருவது உயரழுத்த மின்கம்பியில். கானமயிலைக் கொல்வது அந்தக் கம்பிதான்.

ஒரு மீட்டர் உயரம் நிற்கும், இந்தியாவின் மிக எடைமிகுந்த பறக்கும் பறவைகளில் ஒன்று கானமயில். ஒரு காலத்தில் தமிழகப் புல்வெளிகளிலும் இருந்தது. இன்று இயற்கையில் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150 என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில். தார் பாலைவனத்தின் அதே பரப்பில்தான் நல்ல காற்றும் நல்ல வெயிலும். இந்தப் பறவையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கனத்த உடல் என்பதால் கடைசி நொடியில் திரும்பவும் முடியாது. தார் பகுதியில் ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டரில் பல இனங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகக்கூடும் என்று டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனம் மதிப்பிட்டது.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் காட்டுயிர்ப் பாதுகாவலருமான எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகவும் அதுவரை கம்பி கண்ணுக்குத் தெரியும்படி தடுப்பான்கள் மாட்டவும் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பரப்பு மிகப் பெரியது, செலவு தாங்காது, தூய மின்சார இலக்கு தடைபடும் என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே என்ன செய்யலாம் என்று ஆராய வல்லுநர் குழு அமைத்தது. அதே தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் அடிப்படை உரிமை என்றது. இரண்டு நியாயங்களும் ஒரே நீதிமன்றத்தின் முன் நின்றன. ஆனால் நூற்றைம்பது பறவைகள் மிஞ்சிய பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்பதற்குப் பதிலாக, கம்பி இழுப்பதற்கு முன் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

தமிழ்நாட்டின் கையில்

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நிறுவிய மாநிலம் நம்முடையது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று கணவாய்க் காற்று வீசும் இடமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆடிக்காற்று வலுக்கும் மாதங்களில் மாநிலத்தின் மின்தேவையில் கணிசமான பங்கை அவை தாங்குகின்றன. அந்த யூனிட்டுகள் ஒவ்வொன்றும் எரிக்காமல் மிச்சமான நிலக்கரி. இந்தச் சாதனையில் பெருமைப்பட நமக்கு முழு உரிமை உண்டு.

அதே உரிமையோடு குறையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் காற்றாலை நடச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையே கிடையாது. வனநிலமாக இருந்தால் மட்டும் வனத்துறை அனுமதி. மற்றபடி, அது வலசைப்பாதையா, இரைகொல்லிகள் கூடுகட்டும் பாறையா என்று கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. புகை இல்லை என்பதற்காகக் கொடுத்த விலக்கு, எந்தப் பாதிப்பும் இல்லை என்ற நற்சான்றாக மாறிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. முதலாவது, பழைய காற்றாலைகளை மாற்றுவது. முப்பந்தலிலும் பிற இடங்களிலும் முதல் தலைமுறைச் சிறு காற்றாலைகள் வயதாகி நிற்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பல சிறிய காற்றாலைகள் தரும் மின்சாரத்தை ஒரு பெரிய காற்றாலை தந்துவிடும் என்பதால், எந்தக் கோபுரத்தை எடுப்பது, புதியதை எங்கே வைப்பது என்று மறுபடி யோசிக்கும் வாய்ப்பு தானாகவே கிடைக்கிறது. ஆல்டமான்ட் வழக்குகளுக்குப் பிறகு செய்ததை நாம் வழக்கு வருமுன் செய்யலாம்.

இரண்டாவது, கடல். கடலில் காற்றாலை நடுவதற்கு 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் 500 மெகாவாட் தமிழகக் கடலுக்கு. அதே ஆண்டு மன்னார் வளைகுடாவில் 4,000 மெகாவாட்டுக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு விட ஏலமும் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. திட்டம் மறுபடி வரும், வரவும் வேண்டும். ஆனால் அந்த வளைகுடா 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம். அதற்கு வடக்கே பாக் விரிகுடாவில், மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்த மாநிலமும் இதுதான். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பூநாரைக்கு அது ஒரு பெரிய தூரமே இல்லை. இக்கரையில் சரணாலயமும் அக்கரையில் காற்றாலை வரிசையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் திட்டமிடப்பட்டால், இரண்டு அரசுகளின் கணக்கும் தப்பாகும்.

கடலில் ஆபத்து வேறு வகையானது. கடற்படுகையில் எஃகுக் குழாயை அடித்து இறக்கும்போது எழும் ஓசை நீருக்குள் வெகுதூரம் போகும். ஒலியை நம்பி வாழும் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) அது பெரும் துன்பம். ஜெர்மனி இதற்கு வரம்பு வைத்தது: அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஓசை 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதைக் கடைப்பிடிக்க, துளையிட்ட குழாயைக் கடற்படுகையில் வளையமாகப் போட்டு, காற்றை அழுத்திச் செலுத்தி, குமிழிகளால் ஒரு திரை எழுப்புகிறார்கள். சட்டம் வரம்பு வைத்ததால் தொழில்நுட்பம் வளர்ந்தது. அந்த வரம்பை ஏல ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். கடலுக்குள் கப்பல் போன பிறகு எழுத முடியாது.

முதலில் செய்ய வேண்டியவை

காற்றின் வரைபடம் தயாரிக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது. பறவைகளை ஆராயும் சலீம் அலி மையம் கோவை ஆனைகட்டியில் இருக்கிறது. இரண்டும் தமிழ்நாட்டிலேயே இருக்க, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, இங்கே நடலாம், இங்கே கவனத்தோடு நடலாம், இங்கே கூடவே கூடாது என்று மாநிலம் முழுவதற்கும் பிரித்துக் காட்ட என்ன தடை? பர்ட்லைஃப் அமைப்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு சேர்ந்து 2022-ல் இந்தியாவுக்கு அப்படியொரு பொது வரைபடத்தை வெளியிட்டிருக்கிறது. தொடக்கம் இருக்கிறது. அரசு அதை உள்ளூர் ஆய்வுகளால் கூர்மையாக்கி, நிலம் ஒதுக்குவதற்கும் ஏலத்துக்கும் முன்நிபந்தனை ஆக்க வேண்டும்.

அடுத்து, எண்ணுவது. ஒவ்வொரு காற்றாலைப் பூங்காவிலும், அதன் மின்தடத்திலும் குறிப்பிட்ட இடைவெளியில் செத்த பறவைகளையும் வௌவால்களையும் தேடிக் கணக்கெடுத்துப் பொதுவில் வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். கணக்கை எடுப்பவர் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. ஆபத்தான கோபுரங்கள் தெரிந்துவிட்டால் அவற்றை மட்டும் உரிய நேரத்தில் நிறுத்தலாம். இதில் நம் பருவமே நமக்குத் துணை. தமிழகக் கரையிலும் மன்னாரிலும் காற்று உச்சத்தில் வீசுவது வைகாசி முதல் ஆவணி வரை. வலசைப் பறவைகள் பெருமளவில் தங்குவது ஐப்பசி முதல் பங்குனி வரை. ஆகவே வலசைக் காலத்தில் சில மணி நேரம் நிறுத்துவதால் வரும் நட்டம் இங்கே சிறிதாகவே இருக்கும். உள்ளூர்ப் பறவைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைக் காப்பது இடத்தேர்வுதான்.

மக்களிடம் கேட்பதும் இதில் அடங்கும். பறவை எந்த மாதம் எந்தக் குளத்தில் இறங்குகிறது, மழைநீர் எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது, மீன் எந்த ஆழத்தில் படுகிறது என்பதை ஓராண்டு ஆய்வைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் மீனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் உழவர்களும். திட்டம் முடிவாகும் முன் அவர்கள் மேசையில் உட்கார வேண்டும். முடிவான பின் கேட்டால் அவர்களுக்கு மறியலைத் தவிர வேறு பதில் இருக்காது.

ஒரு காற்றாலை நிற்கப் போவது 20, 25 ஆண்டுகள். அதன் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முடிவுக்கு முன் ஒரு வலசைப் பருவம் முழுவதும் வானத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பதைத் தாமதம் என்று சொல்வது தவறு. வழக்கும் மறியலும் ஒப்பந்த விலகலும் மன்னாரில் தின்ற காலம் அதைவிட மிக அதிகம். நிலக்கரி கெடுத்த உலகைச் சரிசெய்யத்தான் காற்றாலைக்கு வந்தோம். சரிசெய்யும் வேலையிலேயே இன்னொரு கேட்டைச் செய்துவிடாமல் இருக்க வழி தெரியும், கருவி இருக்கிறது, செலவும் சொற்பம். தமிழ்நாடு அரசு அடுத்த காற்றாலை அனுமதியில் கையெழுத்திடும் முன் பறவை வரைபடத்தைக் கேட்கட்டும். நாட்டுக்குக் காற்றாலையைக் காட்டிய மாநிலம், அதைச் சரியாக நடும் முறையையும் காட்ட வேண்டும்.